“உது முந்தியே இருந்தது”: ஆக்கவுரிமை கேட்பவரை மறிக்கும் ஒரு வசனமும் அதைச் சோதிக்கும் முறையும்

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் வாகனத்தை நிறுத்தி, தேங்காய் உடைத்து, ஒரு பை கச்சானும் வாங்காமல் ஏ9 வீதியில் போகிறவர்கள் குறைவு. அங்கே விற்பது கோதோடு வறுத்த கச்சான். அதையே பருப்பாக விற்க வேண்டுமென்றால் கோது உடைக்க வேண்டும். கையால் உடைத்தால் விரல் நோகும், நாள் போகும். இயந்திரத்தில் போட்டால் பருப்பு இரண்டாகப் பிளக்கும். பிளந்த பருப்புக்கு விலை குறைவு, விதைக்கும் உதவாது.

ஒட்டுசுட்டானில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் இதற்கு வழி காண்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வழமையான கை இயந்திரத்தில் வளைந்த இரும்புச் சல்லடை சட்டத்தோடு ஒட்டப்பட்டிருக்கும். அதன் மேலே ரப்பர் பூட்டிய ஒரு கை முன்னும் பின்னும் ஆடும். இடைவெளி மாறாது. அதனால் பெரிய கச்சான் நசியும், சின்னன் உடையாமல் தப்பிவிடும். இவர் சல்லடையை ஒட்டாமல் இரண்டு பக்கமும் ஸ்பிரிங்கில் தொங்கவிடுகிறார். வருகிற கச்சானின் பருமனுக்கு ஏற்ப இடைவெளி 8 மில்லிமீற்றரில் இருந்து 14 மில்லிமீற்றர் வரை தானாக விரிந்து சுருங்குகிறது. ஆக்கவுரிமைக்கு, அதாவது தன் கண்டுபிடிப்பை மற்றவர் அனுமதியின்றிச் செய்யாமல் தடுக்கும் உரிமைக்கு (ஆங்கிலத்தில் பேட்டன்ட்), விண்ணப்பிக்கலாம் என்று நினைக்கிறார். கதை வெளியே போகிறது. மூன்றாம் நாள் ஒருவர் வந்து சொல்கிறார்: “தம்பி, உது எங்கட ஐயா காலத்திலயே இருந்தது. மினக்கெடாதை.”

அந்த வசனம் உண்மையாக இருந்தால் விண்ணப்பம் விழத்தான் வேண்டும். ஏற்கெனவே ஊருக்குச் சொந்தமான ஒன்றை ஒருவர் மட்டும் வேலி கட்டி வைத்திருப்பது அநியாயம். ஆனால் அதே வசனத்தைப் பாதி உண்மையாகவும் முழுப் பொய்யாகவும் சொல்லி, உண்மையாக உழைத்தவரைப் பின்வாங்க வைக்கவும் முடியும். எது எது என்று பிரித்தறியச் சட்டப் படிப்புத் தேவையில்லை. சில கேள்விகளை ஒழுங்காகக் கேட்கத் தெரிந்தால் போதும்.

முந்திய நுட்பம் என்றால் என்ன

இலங்கையில் இதற்கான சட்டம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். ஒரு கண்டுபிடிப்புக்கு ஆக்கவுரிமை கிடைக்க மூன்று தகுதிகள் வேண்டும். அது புதிதாக இருக்க வேண்டும். அந்தத் துறையில் சாதாரண தேர்ச்சி உள்ள ஒருவருக்கு இலகுவில் தோன்றிவிடாத ஒரு படி அதில் இருக்க வேண்டும். தொழிலில் பயன்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டும். கிடைத்தால் அதன் ஆயுள் 20 வருடம்.

“புதிது” என்பதை எதோடு ஒப்பிட்டு அளப்பது? ஆங்கிலத்தில் பிரையர் ஆர்ட் என்பார்கள். இங்கே முந்திய நுட்பம் என்று எழுதுகிறோம். விண்ணப்பத் திகதிக்கு முன்னர், உலகின் எந்த மூலையிலாவது, எழுத்தாலோ வாய்ப்பேச்சாலோ பயன்பாட்டாலோ வேறு எந்த வழியாலோ பொதுமக்களுக்கு வெளிப்படுத்தப்பட்ட எல்லாமே முந்திய நுட்பந்தான். ஆகவே “இலங்கையில் ஒருவரும் செய்யவில்லை” என்று சொல்லித் தப்ப முடியாது. மாலி நாட்டுக் கிராமங்களுக்காக வடிவமைத்து, செய்முறையையும் இலவசமாக வெளியிட்ட ஒரு கச்சான் கோது உடைப்பான் உண்டு. சீமெந்தில் வார்த்த ஒரு கூம்பு இன்னொரு கூம்புக்குள் சுற்றும். இடைவெளி மேலே அகலமாகத் தொடங்கிக் கீழே ஒடுங்கும். ஒட்டுசுட்டானில் ஒருவரும் அதைக் கண்ணால் காணாவிட்டாலும், அது நம்முடைய பட்டறைக்காரருக்கு எதிரான முந்திய நுட்பமாக நிற்கும்.

இவ்வளவு அகலமான வலை என்பதால்தான் அதைத் தப்பாகவும் வீசலாம். ஆனால் வலைக்கு மூன்று முடிச்சுகள் உண்டு. பொதுமக்களுக்கு வெளிப்பட்டிருக்க வேண்டும். விண்ணப்பத் திகதிக்கு முன் வெளிப்பட்டிருக்க வேண்டும். வெளிப்பட்ட பொருள், ஆக்கவுரிமை கேட்கிற அதே பொருளாக இருக்க வேண்டும். இதில் ஒன்று அவிழ்ந்தாலும் அந்தச் சான்று புதுமையை உடைக்காது.

உறுப்பு உறுப்பாக ஒப்பிடுதல்

ஆக்கவுரிமை விண்ணப்பத்தின் உயிர் அதன் கோரிக்கைகள். விளக்கம் எத்தனை பக்கம் போனாலும், எதற்கு வேலி கேட்கிறீர்கள் என்பதைச் சொல்வது கோரிக்கை மட்டுமே. நம்முடைய பட்டறைக்காரரின் முதற் கோரிக்கையில் நான்கு உறுப்புகள் இருக்கின்றன என்று எடுப்போம்: சட்டம், ரப்பர் பூட்டிய ஆடும் கை, நீள்துளைகள் உள்ள வளைந்த சல்லடை, அந்தச் சல்லடையைத் தாங்கி இடைவெளியைச் சுமைக்கு ஏற்ப மாற்றும் ஸ்பிரிங்குகள்.

ஒரு தாளை எடுத்து இடது பக்கத்தில் இந்த நான்கையும் எழுதுங்கள். வலது பக்கத்தில், எதிராளி காட்டும் படத்திலோ இயந்திரத்திலோ ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று குறியுங்கள். பக்க எண், படத்தின் எண், காணொளி என்றால் எத்தனையாவது நிமிடம். புதுமை இல்லை என்று சொல்ல நான்கும் ஒரே சான்றுக்குள் இருக்க வேண்டும். அதைப் பார்த்து இன்னொரு பட்டறைக்காரர் செய்யக்கூடிய அளவுக்கு விவரமும் இருக்க வேண்டும். மூன்று உறுப்பு ஒரு பழைய இயந்திரத்தில், நாலாவது இன்னோர் இயந்திரத்தில் என்றால் புதுமை போய்விடாது.

இங்கேதான் முதலாவது தப்பான பாவனை வருகிறது. “சல்லடை வைத்த மெசின் எத்தனையோ இருக்கு. ஸ்பிரிங் நெல்லுச் சூடு அடிக்கிற மெசினிலயும் இருக்கு. பிறகென்ன புதுசு?” கேட்கும்போது நியாயம் போலத்தான் இருக்கும். இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் குழைக்கப்பட்டிருக்கின்றன. புதுமை என்ற கேள்விக்கு ஒரே சான்று வேண்டும். பல சான்றுகளைச் சேர்த்துப் பார்ப்பது இரண்டாவது தகுதியில், அதாவது “இலகுவில் தோன்றாத படி” என்ற கேள்வியில் மட்டுந்தான் ஏற்கப்படும். அங்கேயும் சும்மா சேர்க்க முடியாது. கச்சான் உடைக்கும் பிரச்சினையோடு மல்லுக்கட்டிய ஒரு சாதாரண தொழிலாளிக்கு, சூடு அடிக்கும் இயந்திரத்தின் ஸ்பிரிங்கைக் கழற்றி இங்கே, இப்படிப் பூட்ட வேண்டும் என்று ஏன் தோன்றியிருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் சொல்ல வேண்டும். விடையைப் பார்த்த பிறகு எல்லாக் கணக்கும் சுலபம். உலகில் எந்த இயந்திரத்தையும் பிரித்துப் போட்டால் ஆணியும் சில்லும் கம்பியுமாகத்தான் கிடக்கும்.

இதற்கு எதிரே கண்டுபிடிப்பாளர் வைக்கக்கூடிய நல்ல சான்று அளவீடு. ஒரே வயலில் பிடுங்கி, ஒரே நாளில் காய்ந்த கச்சானை 10 கிலோ படி இரண்டு பங்காக நிறுங்கள். ஒரு பங்கை ஒட்டிய சல்லடையிலும் மற்றதை ஸ்பிரிங் சல்லடையிலும் உடையுங்கள். முழுப் பருப்பு, பிளந்த பருப்பு, உடையாமல் வந்த கச்சான் மூன்றையும் தனித்தனியே நிறுத்து எழுதுங்கள். ஐந்து தரம் செய்யுங்கள். கச்சானின் ஈரம் மாறினால் முடிவும் மாறும். ஆகவே காயவைத்த நாட்களையும் எழுதுங்கள். வேறுபாடு தெளிவாக இருந்தால், “இது எவருக்கும் தோன்றும்” என்பவரிடம் “அப்படியானால் இவ்வளவு காலமும் பருப்புப் பிளந்துகொண்டே இருந்தும் ஏன் ஒருவரும் இதைச் செய்யவில்லை?” என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்குப் பெறுமதி உண்டு.

ஞாபகம் சாட்சி சொல்லும்போது

முட்கம்பி இல்லாத வளவு வன்னியில் குறைவு. அந்தக் கம்பியின் ஆக்கவுரிமை வழக்கு இந்த விடயத்தில் ஒரு பெரிய பாடம். அமெரிக்காவில் ஜோசப் கிளிடன் என்ற விவசாயி 1874இல் முட்கம்பிக்கு ஆக்கவுரிமை பெற்றார். முள்ளைக் கம்பியில் சுற்றி, இரண்டாவது கம்பியை அதோடு முறுக்கி, முள் நகராமல் பிடிப்பது அவருடைய வழி. அது பெரும் வியாபாரமானது. அனுமதி இல்லாமல் செய்தவர்கள் வழக்கில் ஒரு வாதத்தைக் கொண்டுவந்தார்கள்: 1858 அல்லது 1859இல் அயோவா மாநிலத்தில் நடந்த ஒரு விவசாயக் கண்காட்சியிலேயே இப்படி ஒரு முட்கம்பி வேலி காட்டப்பட்டதாம். பார்த்தோம் என்று 24 பேர் சாட்சி சொன்னார்கள்.

1892இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஏறக்குறைய 30 வருடத்துக்கு முந்திய ஒன்றை, இடையில் ஆயிரம் முட்கம்பி வேலிகளைக் கண்டவர்கள் நினைவுகூர்கிறார்கள். அன்று கண்டதும் பின்னர் கண்டதும் ஞாபகத்தில் கலந்துவிடும். கூப்பிட்டவர் விரும்புகிறபடி நினைவுகூரும் பழக்கமும் மனிதருக்கு உண்டு. ஆகவே முந்தியே இருந்தது என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும், அதுவும் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அது அமெரிக்கச் சட்டம், இலங்கை நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதற்குச் சொன்ன காரணம் எந்த ஊருக்கும் பொருந்தும்: 24 வாய் ஒரு தாளுக்கு ஈடாகாது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995இல் அமெரிக்காவில் ஓர் ஆக்கவுரிமை கொடுக்கப்பட்டது. நம்முடைய ஒவ்வொரு வீட்டுக் குசினியிலும் தெரிந்த விடயம் அது. இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் அதை எதிர்த்தது. 1997இல் ஆக்கவுரிமை இரத்தானது. வென்றது “எங்கட அம்மம்மாவுக்கே தெரியும்” என்ற வாதத்தால் அல்ல. பழைய நூல்களையும் மருத்துவச் சஞ்சிகைக் கட்டுரையையும் எடுத்துத் திகதியோடு மேசையில் வைத்ததால் வென்றது. உண்மையான முந்திய நுட்பமும் தாளோடுதான் வரவேண்டியிருக்கிறது.

வன்னியில் இந்தச் சிக்கல் கூடுதலாகக் கனக்கிறது. பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் இங்குள்ளவர்கள் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். அன்றைய பட்டறைகளில் உண்மையான கண்டுபிடிப்புகள் நடந்தன. அவற்றின் கொப்பி, வரைபடம், பற்றுச்சீட்டு, இயந்திரம் எல்லாம் 2009 வரையான இடப்பெயர்வுகளில் போய்விட்டன. அதனால் இரண்டு அநியாயமும் நடக்க இடமுண்டு. உண்மையாக முந்திச் செய்தவரால் நிரூபிக்க முடியாமல் போகலாம். ஒன்றுமே செய்யாதவர் “அந்தக் காலத்தில் செய்தனாங்கள், எல்லாம் அழிஞ்சு போச்சு” என்று சொன்னால் மறுப்பதும் கடினமாகலாம். இழப்பு உண்மை என்பதால் எவருக்கும் அவரைக் குறுக்கே கேட்க மனம் வராது. ஆனால் மரியாதையோடு கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். எந்த வருடம்? எந்த ஊரில்? யார் யார் பார்த்தார்கள்? உள்ளே இருந்த சல்லடை எப்படிப் பூட்டப்பட்டிருந்தது, ஒரு தாளில் கீறிக் காட்ட முடியுமா? எதில் ஓடியது? போர்க்காலத்தில் வன்னியின் பெரும்பகுதிக்குத் தேசிய மின்வலையமைப்பு இல்லை. மின்மோட்டரில் ஓடியது என்றால் எந்த ஜெனரேட்டர், யாருடையது? உண்மையாகச் செய்தவருக்கு இந்தக் கேள்விகள் பாரமாக இரா. செய்தவரின் கை ஸ்பிரிங்கின் தடிப்பைக்கூட மறந்திருக்காது.

திகதி மாறும் சான்றுகள்

இப்போது வருகிற குற்றச்சாட்டுகளில் பெரும்பாலும் கைபேசிப் படம் ஒன்று இருக்கும். எதை எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்திருப்பது நல்லது. பேஸ்புக் பதிவின் திகதியைப் பதிவிட்டவரே பின்னுக்கு மாற்றலாம். ஆகவே திகதி தெரியும் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷொட்) மட்டும் போதாது, பதிவின் இணைப்பையே கேளுங்கள். யூடியூப் காணொளியின் பதிவேற்றத் திகதி நிலையானது, ஆனால் தலைப்பையும் விளக்கத்தையும் பிறகு மாற்றலாம். எனவே தலைப்பை விட்டுவிட்டு, இயந்திரத்தின் அந்த உறுப்பு காணொளியில் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். படக்கோப்புக்குள் இருக்கும் திகதி கமராவின் மணிக்கூட்டில் இருந்து வருவது. மணிக்கூட்டை மாற்றினால் அதுவும் மாறும். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில் அந்த விவரம் பெரும்பாலும் அழிந்திருக்கும். இணையப் பக்கம் என்றால் வேபேக் மெஷின் என்ற காப்பகத்தில் அந்த முகவரியைப் போட்டு, எந்தத் திகதியில் அந்தப் பக்கம் என்ன சொன்னது என்று பார்க்கலாம்.

இதைவிடக் கொடுமையான வகை ஒன்று உண்டு. ஒருவர் உங்களுடைய பட்டறைக்கு வந்து பார்த்து, படம் எடுத்து, தானே வெளியிட்டுவிட்டு, பிறகு அதையே உங்களுக்கு எதிரான முந்திய நுட்பம் என்று காட்டுவது. சட்டம் இதை எதிர்பார்த்தே எழுதப்பட்டிருக்கிறது. விண்ணப்பதாரரின் உரிமையைத் துஷ்பிரயோகம் செய்ததால் நடந்த வெளிப்படுத்தல், விண்ணப்பத்துக்கு முந்திய 6 மாதத்துக்குள் நடந்திருந்தால் கணக்கில் எடுக்கப்படாது. நீங்களே காட்டியிருந்தால் உங்களுக்கு ஒரு வருடம் உண்டு. பாடசாலைக் கண்காட்சி, இலங்கை புத்தாக்குநர்கள் ஆணைக்குழுவின் போட்டி, உங்கள் சொந்தப் பேஸ்புக் பக்கம், எதுவாக இருந்தாலும் அதே கணக்குத்தான். ஆகவே “நீயே போன வருசம் கண்காட்சியில வைச்சனீ, இனி உனக்கு உரிமை இல்லை” என்று ஒருவர் சொன்னால் முதலில் நாட்காட்டியை எடுங்கள். வெளிப்பட்ட நாளுக்கும் விண்ணப்ப நாளுக்கும் இடையில் ஒரு வருடம் ஆகவில்லை என்றால் அவர் சொல்வது பிழை. ஆனால் இந்தச் சலுகையை நம்பித் தள்ளிப்போடுவது ஆபத்து. ஐரோப்பாவில் இது ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். வெளிநாட்டுச் சந்தை மனதில் இருந்தால் விண்ணப்பம் போட்ட பிறகே காட்டுங்கள்.

கடிதம் வந்தால்

சட்டத்தரணியின் கடிதத்தாளில் “உமது கண்டுபிடிப்பு ஏற்கெனவே அறியப்பட்டது, விண்ணப்பத்தை மீளப்பெறும்” என்று வந்தால் பயம் வருவது இயல்பு. கடிதத்துக்கு ஆக்கவுரிமையை அழிக்கும் அதிகாரம் இல்லை. விண்ணப்பத்தைப் பற்றி முடிவெடுப்பது தேசிய புலமைச் சொத்து அலுவலகம். கொடுத்த ஆக்கவுரிமையைச் செல்லாதென்று அறிவிப்பது நீதிமன்றம். அங்கேயும் ஒரு கோரிக்கை விழுந்தால் மற்றக் கோரிக்கைகள் நிற்கலாம். பதிலில் மூன்றையே கேளுங்கள்: எந்தச் சான்று, அது எந்தத் திகதியில் பொதுமக்களுக்குக் கிடைத்தது, என்னுடைய கோரிக்கையின் எந்த உறுப்பு அதில் எங்கே இருக்கிறது. வரைபடத்தையோ அளவுகளையோ “சரிபார்க்க” என்று கேட்டால் அனுப்பாதீர்கள். கடிதத்தின் நோக்கம் சில வேளைகளில் அதுதான். சாட்சி சொல்கிறேன் என்பவர் இருந்தால் சத்தியக்கடதாசியாகத் தரச் சொல்லுங்கள். பொய்யாகச் சத்தியக்கடதாசி முடிப்பது குற்றம் என்பதால், தேநீர்க்கடையில் சொன்னது தாளில் வரும்போது பலருக்குச் சுருங்கிவிடும்.

முந்திய நுட்பங்களைத் தேடிப் பட்டியலிடும் தேடல் அறிக்கையைக் காட்டியும் பயமுறுத்துவார்கள். “பன்னிரண்டு ஆவணம் உனக்கு எதிரா இருக்கு.” எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், பக்கத்தில் உள்ள எழுத்தைப் பாருங்கள். சர்வதேச முறையிலான அறிக்கையில் எக்ஸ் என்றால் அந்த ஆவணம் தனியாகவே புதுமையையோ கண்டுபிடிப்புப் படியையோ தாக்குகிறது. வை என்றால் இன்னொன்றோடு சேர்ந்தால்தான் தாக்கும். ஏ என்றால் பின்னணி விவரம் மட்டுமே. பன்னிரண்டும் ஏ என்றால் அது நல்ல செய்தி.

முந்திக்கொண்டு செய்ய வேண்டியவை

எதிராளி தேடுமுன் நீங்களே தேடுங்கள். எஸ்பாசெநெட், கூகுள் பேட்டன்ட்ஸ், பேட்டன்ட்ஸ்கோப் என்ற இணையத்தளங்களில் ஆக்கவுரிமை ஆவணங்களைத் தேடலாம், மூன்றும் இலவசம். சொல்லால் தேடுவதோடு நிறுத்தாமல், ஆவணங்களைத் துறைவாரியாகப் பிரிக்கும் வகைக் குறியீட்டாலும் தேடுங்கள். கொட்டைகளின் கோது உடைக்கும் இயந்திரங்கள் ஏ23என் 5 (A23N 5) என்ற வகையில் வரும். ஆங்கிலத் தொழில்நுட்ப மொழி கடினமாக இருந்தால் அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்திலோ வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ படிக்கும் ஒரு பிள்ளையைப் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். படங்களைப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும்.

பதிவுக்குத் தாள் கழற்ற முடியாத, தைத்த கொப்பி ஒன்று எடுங்கள். பக்க எண் போடுங்கள். ஒவ்வொரு நாளும் செய்ததை, பிழைத்ததையும் சேர்த்து, பேனையால் எழுதிக் கையொப்பமிடுங்கள். பிழைத்தவை முக்கியம். முதல் ஸ்பிரிங் இறுக்கமாக இருந்து பருப்பு நசிந்தது, இரண்டாவது தளர்ந்து கோது உடையவில்லை என்ற பக்கங்கள், இது ஒருவருக்கும் சட்டெனத் தோன்றியதல்ல என்பதற்கான சான்று. வெற்றிடத்தை விடாமல் குறுக்குக் கோடு போடுங்கள். வேலையை விளங்கிக்கொள்ளக்கூடிய, இலாபத்தில் பங்கில்லாத இரண்டு பேரிடம் வாரம் ஒருமுறை “வாசித்து விளங்கினேன்” என்று கையொப்பம் வாங்குங்கள். ஹாட்வெயார் பற்றுச்சீட்டுகளை அந்தந்தப் பக்கத்தில் ஒட்டுங்கள். தனக்குத் தானே பதிவுத் தபால் அனுப்பி உறையை உடைக்காமல் வைக்கும் பழக்கம் இங்கே பலரிடம் உண்டு. ஒட்டாத உறையை அனுப்பிவிட்டுப் பிறகு தாளை வைத்து ஒட்டலாம் என்பதால் அதற்குப் பெறுமதி குறைவு. இந்தக் கொப்பி விண்ணப்பத் திகதியை முன்னுக்குக் கொண்டுவராது. ஒரே பொருளை இருவர் தனித்தனியே கண்டுபிடித்தால் உரிமை முதலில் விண்ணப்பித்தவருக்கே. ஆனால் உங்களிடமிருந்து ஒருவர் எடுத்தார் என்று காட்டவேண்டி வந்தால், கையில் இருக்கப்போவது இந்தக் கொப்பிதான்.

விண்ணப்பத்தின் முதல் விளக்கத்திலேயே எல்லா வகைகளையும் எழுதிவிடுங்கள்: ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் கட்டை, சல்லடைக்குப் பதில் கம்பிச் சட்டம், கையால் ஆட்டுவதற்குப் பதில் மோட்டர். விண்ணப்பித்த பிறகு புதிய விடயத்தைச் சேர்க்க முடியாது, கோரிக்கையை ஏற்கெனவே எழுதியதற்குள் ஒடுக்க மட்டுமே முடியும். “கச்சான் உடைக்கும் இயந்திரம்” என்று அகலமாக மட்டும் கேட்டவரைத்தான் இலகுவில் வீழ்த்தலாம். முதற் கோரிக்கை அகலமாக, அடுத்தது ஸ்பிரிங் சல்லடை, அதற்கடுத்தது 8 முதல் 14 மில்லிமீற்றர் இடைவெளி என்று படிப்படியாக ஒடுங்கினால், முதலாவது விழும்போது இரண்டாவதில் கால் ஊன்றலாம்.

அந்த மூன்றாம் நாள் வந்த மனிதரிடம் திரும்புவோம். ஐயா காலத்து இயந்திரம் இன்னும் கொட்டிலில் கிடக்கிறது என்று அவர் சொன்னால், அளவு நாடாவோடு போய்ப் பாருங்கள். சல்லடை சட்டத்தோடு ஒட்டியிருந்தால் நாலாவது உறுப்பு அங்கே இல்லை, கோரிக்கை நிற்கும். ஸ்பிரிங்கில் தொங்குகிறது, ஊர்ச்சனம் கச்சான் கொண்டுவந்து உடைத்துப் போனது என்றால், அது பொதுப் பாவனை. அகலமான கோரிக்கையை விட்டுவிட்டு, உங்களுடையதில் மட்டும் உள்ளதற்கு ஒதுங்க வேண்டும். ஒருவருக்கும் காட்டாமல் தன் வீட்டு வேலைக்கு மட்டும் வைத்திருந்தார் என்றால் அது பொதுமக்களுக்கு வெளிப்பட்டதாகாது. அவருக்கும் வழி உண்டு: உங்கள் விண்ணப்பத்துக்கு முன்பிருந்தே நல்லெண்ணத்தோடு இலங்கையில் அதைச் செய்துவந்தவர் தொடர்ந்து செய்யலாம் என்று சட்டம் இடம் விடுகிறது. அதை அவரிடம் சொல்லுங்கள். தன் இயந்திரத்தைப் பறித்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான் அவர் உங்கள் வாசலுக்கு வந்திருக்கவும் கூடும்.